வீட்டுக் கடனின் உண்மை விலை: வட்டி விகிதத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்களும் ஏற்கெனவே தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு ஒரே சீராக இருக்க, வேறு சொல்லாத இடங்களில் எல்லாம் ரூ.50 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்கிறோம். இதற்கு மாதத் தவணை ரூ.43,391. இருபது வருஷத்தில் கட்டும் மொத்தம் ரூ.1.04 கோடி. அதில் வட்டி மட்டும் ரூ.54 லட்சத்துக்கு மேல்.

ஒரு வங்கி 8.40% என்கிறது, இன்னொன்று 8.50%. குறைந்ததை எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. 8.40-க்குத் தவணை ரூ.43,075. மாதம் ரூ.316 மிச்சம். அசலும் கொஞ்சம் வேகமாகக் கரையும் என்பதைச் சேர்த்தால் முதல் மாத லாபம் ரூ.417. ஆனால் 8.40 தரும் வங்கி அரை சதவீதம் பிராசஸிங் கட்டணம் கேட்கிறது, 8.50 வங்கி சலுகைக் காலத்தில் அதைத் தள்ளுபடி செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை சதவீதம் ரூ.25,000, அதன்மேல் 18% ஜிஎஸ்டி ரூ.4,500. இந்த ரூ.29,500-ஐ மீட்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வீட்டை விற்றாலோ, கடனை முடித்தாலோ, வேறு வங்கிக்கு மாற்றினாலோ "குறைந்த வட்டி"தான் உங்களுக்கு அதிகச் செலவு.

ஆகவே முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்தக் கடனை எத்தனை வருஷம் வைத்திருப்பேன்? 20 வருஷம் என்று கையெழுத்துப் போடுபவர்களில் நிறையப் பேர் அவ்வளவு காலம் வைத்திருப்பதில்லை.

எல்லாக் கட்டணமும் ஒரே இடத்தில் தெரிய என்ன வழி?

கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய தனிநபர் கடன்கள் எல்லாவற்றுக்கும் இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி, வீட்டு நிதி நிறுவனம் இரண்டுக்கும் பொருந்தும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. அதில் குறிப்பிடாத கட்டணத்தைப் பிறகு உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது.

நடைமுறையில் கடைசி நாளில், ஐம்பது அறுபது கையெழுத்துகளுக்கு நடுவில் இந்தத் தாளும் வந்து போய்விடுகிறது. சாங்ஷன் கடிதம் (கடனுக்கு வங்கி தரும் ஒப்புதல் கடிதம்) வந்த அன்றே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வங்கிகளின் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தத் தாளில் உள்ள ஏபிஆர் என்ற எண் என்ன சொல்கிறது?

வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துப் பிசைந்து வரும் ஆண்டு விகிதம் அது. வங்கி வழியாகப் போகும் காப்பீட்டு பிரீமியம், சட்டக் கருத்துக் கட்டணம் போன்ற மூன்றாம் தரப்புச் செலவுகளும் இதில் சேர வேண்டும்.

நம் உதாரணத்தில் பிராசஸிங் ரூ.29,500, வக்கீல் கருத்தும் மதிப்பீடும் ரூ.8,000, ஒரே தவணைக் காப்பீடு ரூ.1,50,000 என்று வையுங்கள். மொத்தம் ரூ.1,87,500. தவணையும் வருஷமும் மாறவில்லை. ஆனால் கைக்கு உண்மையில் வந்தது ரூ.48,12,500 தான். இப்போது 8.5 என்பது ஏறக்குறைய 9.03 ஆகிவிட்டது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏபிஆர் முழு 20 வருஷத்துக்கும் கட்டணத்தைப் பரப்பிக் காட்டுகிறது. ஏழாவது வருஷ முடிவில் கடனை அடைத்தால் அதே கட்டணம் ஏழு வருஷத்தின் மேல் விழும். அப்போது உண்மை விகிதம் சுமார் 9.3. சீக்கிரம் அடைக்கப் போகிறவருக்கு முன்கட்டணம் அதிகமுள்ள கடன் ஆகாது.

காப்பீடு எடுத்தால்தான் கடன் என்கிறார்கள். கட்டாயமா?

கடன் வாங்குபவருக்கு ஆயுள் காப்பீடு தேவை, அதில் சந்தேகமில்லை. வங்கி நீட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கிளையில் பேசும்போது மட்டும் அது கட்டாயம் போல ஒலிக்கும். "எந்த விதிப்படி கட்டாயம் என்று மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். காப்பீட்டுக்காக வட்டியில் சலுகை தருகிறார்கள் என்றால் அது வேறு விஷயம். அந்தச் சலுகை எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உண்மையான வலி பிரீமியத்தைக் கடனோடு சேர்ப்பதில்தான். ரூ.1.5 லட்சம் பிரீமியத்தைக் கடனில் ஏற்றினால் தவணை ரூ.1,302 கூடும். இருபது வருஷத்தில் அந்த ஒன்றரை லட்சம் ரூ.3.12 லட்சம் ஆகிறது. போதாக்குறைக்கு, கடன் குறையக் குறைய இத்தகைய பாலிசிகள் பலவற்றில் காப்புத் தொகையும் குறையும். வங்கி மாறினால் பாலிசி உடன் வருமா, சரண்டர் செய்ய வேண்டுமா என்பதும் பாலிசிக்குப் பாலிசி வேறுபடும்.

மாற்று எளிது: வெளியே ஒரு சாதாரண டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு), ஆண்டு பிரீமியம். காப்பு குறையாது, கடன் எந்த வங்கிக்குப் போனாலும் பாலிசி உங்களுடையது. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. கட்டடத்துக்கான தீ, வெள்ளக் காப்பீடு தனி. அதைக் கட்டட மதிப்புக்கு எடுங்கள், மனை விலைக்கும் சேர்த்து எடுப்பது வீண்.

எம்ஓடி என்று ஒரு செலவு சொல்கிறார்கள். அது என்ன?

வீட்டின் அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான குறிப்பாணை. தமிழ்நாட்டில் இதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். முத்திரைக் கட்டணம் கடன் தொகையில் 0.5%, உச்சவரம்பு ரூ.30,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு ரூ.6,000. ஐம்பது லட்சத்துக்கு ரூ.25,000 + ரூ.6,000 = ரூ.31,000. இது அரசுக்குப் போகிறது, வங்கிக்கு அல்ல. அதனால் வங்கி அதிகாரி வாயிலிருந்து இது கடைசியில்தான் வரும். மேலே போட்ட 9.03 கணக்கில் இந்த 31,000 சேரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆவணம் தயாரிக்கவும் பதிவுக்கு நேரம் ஒதுக்கும் டோக்கன் போடவும் பத்திர எழுத்தரோ வங்கியின் வக்கீலோ கேட்பது இதற்கு மேல். எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துக் கேளுங்கள். அரசுக் கட்டணத்துக்குரிய சலான் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அப்படியானால் கையில் எவ்வளவு ரொக்கம் இருந்தால் வீடு வாங்கலாம்?

வீட்டு மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ரூ.30 லட்சம் வரையிலான கடனுக்கு 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. பத்து லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளைத் தவிர மற்றவற்றில் முத்திரைக் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டு மதிப்பில் சேர்க்க முடியாது. மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ரூ.60 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு. கடன் அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. கிரயப் பத்திரத்துக்கு 7% முத்திரை, 2% பதிவு, ஆக ரூ.5.4 லட்சம். எம்ஓடி 30,000. பிராசஸிங், வக்கீல், மதிப்பீடு சேர்த்து 35,000 அல்லது 40,000. தரகர் கமிஷன் தனி. "இருபது சதவீதம் இருக்கிறது" என்று 12 லட்சத்தோடு புறப்பட்டவருக்கு ஆறு லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. அதைத் தனிநபர் கடனிலோ நகைக் கடனிலோ அடைத்தால் அந்த வட்டியும் இந்த வீட்டின் விலைதான்.

இன்னொன்று: பத்திரத்தில் எழுதும் தொகை, வங்கி மதிப்பீட்டாளர் சொல்லும் தொகை, இரண்டில் குறைந்ததைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சட்டக் கருத்தும் மதிப்பீடும் முடிந்துவிட்டால் நிம்மதி. மூலப்பத்திரத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தாலும் கடன் நின்றுபோகும். விற்பவருக்குக் கொடுத்த அட்வான்ஸ் மாட்டும். வங்கியில் கட்டிய விண்ணப்பக் கட்டணமும் பொதுவாகத் திரும்பாது.

ரெப்போ குறைந்தால் என் தவணை ஏன் குறையவில்லை?

2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்), கட்டப்பட்டவை. உங்கள் வட்டி என்பது ரெப்போ கூட்டல் ஸ்பிரெட், அதாவது அதன்மேல் வங்கி சேர்க்கும் விகிதம். ரெப்போ எல்லோருக்கும் ஒன்று. பேரம் பேச வேண்டியது ஸ்பிரெட்டில்தான். உங்கள் சிபில் மதிப்பெண், சம்பள வேலையா தொழிலா, கடன் தொகை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். சாங்ஷன் கடிதத்தில் ஸ்பிரெட் எவ்வளவு, வட்டி மறுநிர்ணயம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு வரியையும் தேடிப் படியுங்கள்.

வீட்டு நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்திருக்கின்றன. புதிதாக வருபவருக்குக் குறைந்த விகிதமும் பழைய வாடிக்கையாளருக்கு அதிக விகிதமும் ஒரே நாளில் அமலில் இருக்கலாம். குறைக்க வேண்டுமானால் மாற்றுக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கடன் வாங்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

வட்டி ஏறும்போது நடப்பது இதைவிட மோசம். தவணையைத் தொடாமல் வருஷத்தை நீட்டிவிடுவார்கள். ஏறியதே தெரியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 50 லட்சம் வாங்கியவரின் தவணை ரூ.38,765. வட்டி 9.5 ஆனதும் 50 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே ரூ.39,583. கட்டும் தவணை வட்டிக்கே பற்றவில்லை. அசல் குறைவதற்குப் பதில் வளரும். 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி இதற்குக் கடிவாளம் போட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். அசல் வளரும் நிலைக்குக் காலத்தை நீட்டக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது கணக்கு விவரத்தில் "மீதித் தவணை எத்தனை" என்ற எண்ணைப் பாருங்கள். சென்ற வருஷத்தைவிட அது கூடியிருந்தால் கிளைக்கு ஒரு நடை போக வேண்டியதுதான்.

கட்டி முடியாத அடுக்ககத்துக்கு "இப்போதைக்கு வட்டி மட்டும் கட்டுங்கள்" என்கிறார்கள். லாபமா?

பிரீ-இஎம்ஐ என்பது இதுதான். பில்டருக்கு 20 லட்சம் விடுவித்திருந்தால் மாதம் ரூ.14,167. இரண்டு வருஷத்தில் ரூ.3.4 லட்சம். அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. திட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் இந்தச் செலவும் வாடகையும் சேர்ந்து ஓடும். விடுவித்த தொகை கூடக்கூட வட்டியும் கூடும். முடிந்தவர்கள் முழுத் தவணையை முதலிலிருந்தே கட்டும் வசதியைக் கேட்கலாம். எல்லா இடத்திலும் கிடைக்காது. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5% ஜிஎஸ்டி, மலிவு விலை வகைக்கு 1% என்பதும் நினைவிருக்கட்டும். நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது?

பணம் விடுவித்த நாளிலிருந்துதான் ஓட வேண்டும். சாங்ஷன் தேதியிலிருந்தும், காசோலை கைக்கு வரும் முன்பே அதில் போட்ட தேதியிலிருந்தும் சில நிறுவனங்கள் வட்டி போட்டதைக் கண்டு, 2024 ஏப்ரல் 29-ல் ரிசர்வ் வங்கி அதைத் தவறு என்று சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. மாத நடுவில் கொடுத்துவிட்டு முழு மாத வட்டி எடுப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

பழைய வீடு வாங்குபவர் கவனிக்க வேண்டியது டிமாண்ட் டிராஃப்ட். பதிவு நாளுக்கு முன்பே வங்கி டிடி எடுத்து வைக்கும். 50 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி ரூ.1,164. விற்பவர் வரவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று பதிவு பத்து நாள் தள்ளினால் பதினோராயிரத்துக்கு மேல். பதிவு டோக்கன் உறுதியான பிறகு டிடி எடுக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போனால் டிடியை ரத்து செய்து வட்டியைத் திருப்பக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் வந்தது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா?

தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு இல்லை. வங்கிகளில் 2012 முதலே இந்த நிலைதான். நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அங்கே கட்டணம் இருக்கக்கூடும்.

கட்டினபின் தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்பதில்தான் பணம் இருக்கிறது. மூன்று வருஷம் முடிந்ததும் மீதி அசல் சுமார் ரூ.46.74 லட்சம். அப்போது 5 லட்சம் கட்டுகிறீர்கள். தவணை அப்படியே இருந்தால் 204 மாதம் 162 ஆகும். கட்டிய 5 லட்சம் போக நிகர மிச்சம் சுமார் ரூ.13.2 லட்சம். தவணையைக் குறைத்தால் மாதம் ரூ.38,750, நிகர மிச்சம் சுமார் ரூ.4.5 லட்சம்தான். குடும்பத்தில் மாதப் பணம் முட்டுகிறது என்றால் இரண்டாவதும் தவறில்லை. ஆனால் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கணினி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். எழுத்தில் சொல்லிவிட்டு, புதிய தவணை அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.

வேறு வங்கி அரை சதவீதம் குறைவாகத் தருகிறது. மாறலாமா?

45 லட்சம் மீதி, 15 வருஷம் பாக்கி, 9-லிருந்து 8.5. புதிய எம்ஓடி ரூ.28,500, கால் சதவீதப் பிராசஸிங் ஜிஎஸ்டியோடு ரூ.13,275, வக்கீல், மதிப்பீடு, பழைய வங்கியின் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 50,000. முதல் மாத வட்டி மிச்சம் ரூ.1,875. செலவு மீள இரண்டேகால் வருஷத்துக்குச் சற்றுமேல். அதன்பிறகு லாபம்தான். முதலில் உங்கள் வங்கியிடமே ஸ்பிரெட்டைக் குறைக்கக் கேளுங்கள். மாற்றுக் கட்டணம் சில ஆயிரத்தில் முடிந்தால் எம்ஓடி செலவே இல்லை.

மாற்றும்போது விழும் குழி ஒன்று உண்டு. புதிய வங்கி "மறுபடி 20 வருஷம் போட்டால் தவணை ரூ.39,052 தான்" என்று சொல்லும். பழைய இடத்தில் ரூ.45,642 கட்டிக்கொண்டிருந்தவருக்கு இனிக்கும். பழைய கடனில் மீதி கட்ட வேண்டியது ரூ.82.2 லட்சம், புதியதில் ரூ.93.7 லட்சம். வட்டி குறைந்தும் பதினொன்றரை லட்சம் கூடுதல்.

வருமான வரிச் சலுகை இந்தச் செலவை ஈடுகட்டாதா?

புதிய வரிமுறையில் நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு இல்லை. பழைய முறையில் வட்டிக்கு ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை. நம் கடனில் முதல் வருஷ வட்டி ரூ.4.21 லட்சம், பாதிக்கு மேல் கழிவுக்கு வெளியே. 30% வரிப் பிரிவில் இருப்பவருக்கு அதிகபட்ச மிச்சம் செஸ் சேர்த்து ரூ.62,400. கணவன் மனைவி இருவரும் கூட்டு உரிமையாளர்களாகவும் கூட்டுக் கடனாளிகளாகவும் இருந்து கட்டினால் ஆளுக்கு இரண்டு லட்சம். அசலுக்கான ஒன்றரை லட்ச வரம்பு பிஎஃப், எல்ஐசியாலேயே பலருக்கு நிரம்பிவிடும்.

தவணை ஒருமுறை தவறினால்?

வங்கி அபராதக் கட்டணம் போடும். காசோலையோ, கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் உத்தரவோ திரும்பியதற்கு இரு பக்கத்து வங்கியும் தனித்தனியாக எடுக்கும். 2024 முதல் அபராதத்தை வட்டியாகச் சேர்த்து, அதன்மேலும் வட்டி போடுவது கூடாது. சிபிலில் விழும் கறைதான் இதில் பெரிய செலவு. அடுத்த முறை ஸ்பிரெட் பேசும்போது அது தெரியும்.

கடைசித் தவணை கட்டியாயிற்று. இன்னும் செலவு உண்டா?

கொஞ்சம் உண்டு, விட்டால் பிற்பாடு தலைவலி. எம்ஓடி பதிவாகியிருப்பதால் வில்லங்கச் சான்றில் கடன் நிற்கும். வங்கி கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை எழுதிக் கொடுக்க, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அது நீங்கியதாகக் காட்டும். பத்து வருஷம் கழித்து விற்கும்போது இதைத் தேடினால், கடன் கொடுத்த கிளை வேறொன்றோடு இணைந்திருக்கும், அதிகாரம் பெற்ற அதிகாரியைப் பிடிக்கவே வாரங்கள் போகும்.

கடன் வாங்கும்போது ஒப்படைத்த ஆவணப் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். கிரயப் பத்திரம், மூலப்பத்திரங்கள், பட்டா நகல், வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றாக, பக்க எண்ணோடு சரிபார்த்து வாங்குங்கள். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்ப வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் அமலான விதிப்படி, வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். ஆவணம் தொலைந்திருந்தால் சான்றிட்ட நகல் எடுக்கும் செலவு வங்கியுடையது, அதற்காக அவர்களுக்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. கடைசிப் பணம் கட்டிய ரசீதில் தேதி தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் எண்ணுவது அதிலிருந்துதான்.